ஓட்டோவின் வீடு

வேலை கேட்டுப் போகிற இடத்தில் பொய் சொல்லாதவர்கள் மிகக் குறைவு. நான் சொன்ன பொய்க்கு மட்டும் நாலு காலும் ஒரு வாலும் இருந்தன.

பேர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி இரண்டு வருடம். 'ஹைம்' என்கிற அகதி விடுதியில் சும்மா இருந்தே களைத்துப்போனவன், வேலை செய்ய அனுமதி கிடைத்த அன்றே பக்கத்துப் பூங்கன்றுப் பண்ணைக்கு ஓடினேன். முதலாளி ஹெல்கா அம்மா கண்ணாடிப் பெட்டியில் ஒரு பச்சோந்தி வளர்த்தார். பெயர் ஓட்டோ. "இதைப் பற்றி உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"எங்கள் ஊரில் வேலிக்கு வேலி இதுதான். நானே வளர்த்திருக்கிறேன்," என்றேன், அரைகுறை ஜேர்மனில். (வேலியில் இருந்தது ஓணான். அதற்கும் எனக்கும் இருந்த ஒரே உறவு கல்லெறி.)

மனிசிக்கு ஒரே சந்தோஷம். ஒரு வாரம் வெளியூர் போகிறாராம். "ஓட்டோவைப் பார்த்துக்கொள். நான் வரும்போது அவன் நன்றாக இருந்தால் உனக்கு வேலை." பெட்டி, விளக்கு, ஒரு பிஸ்கட் தகரப்பேணி எல்லாம் தந்து, பத்து நிமிடம் மூச்சுவிடாமல் விளக்கினார். நான் எல்லாவற்றுக்கும் "யா, யா" என்று தலையாட்டினேன். (அந்த வேகத்தில் எனக்குப் புரிந்தது 'ஓட்டோ' மட்டும்.)

என் அறையில் கூட இருந்தவர் மன்னார்க்காரரான சூசை அண்ணை. அவருடைய ஒரே சொத்து, யன்னலோரம் விதை போட்டு முளைக்கவைத்த ஒரு கறிவேப்பிலைக் கன்று. அந்தப் பட்டினத்தில் வேறு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு எண்ணி நாலு இலை கிள்ளுவார். நான் தொட்டால் கொலை விழும்.

ஓட்டோவுக்குச் சோறு வைத்தேன். ஒரு கண்ணால் சோற்றையும் மறு கண்ணால் என்னையும் பார்த்தது. வாழைப்பழம், பாலில் ஊறவைத்த பாண் துண்டு, தட்டில் தண்ணீர் எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் அடிப்பிடித்த சட்டியின் நிறத்துக்கு வந்துவிட்டது. ஓட்டோ போனால் வேலையும் போச்சு.

"பெட்டிக்குள்ள அடைஞ்சு கிடக்க அதுக்கு ஏலாது போல. வெளியில விடு. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு யோசிப்பம்," என்றார் அண்ணை.

ஓட்டோவை யன்னலோர மேசையில் விட்டேன். தேநீரோடு கடிக்க அந்தப் பிஸ்கட் பேணி நினைவுக்கு வந்தது. மூடியில் ஏன் ஓட்டை, உள்ளே ஏன் சரசரப்பு என்று யோசிக்கிற மூளை இருந்தால் நான் ஏன் அந்தப் பொய்யைச் சொல்லப்போகிறேன்? திறந்தேன். உயிரோடு ஐம்பது அறுபது வெட்டுக்கிளிகள் பாய்ந்தன. ஒன்று அண்ணையின் தேநீருக்குள். மிச்சம் கறிவேப்பிலையில்.

"ஐயோ, என்ர கறிவேப்பிலை!"

அண்ணை அவற்றை விரட்டக் கன்றின்மேல் தண்ணீரை வாரித் தெளித்தார். அதற்குள் ஓட்டோ கிளையில் ஏறி, சாண் நீளத்துக்கு நாக்கை எறிந்து ஒன்றை இழுத்தது. பிறகு இன்னொன்று. பிறகு இலையில் நின்ற துளிகளை நக்கிக் குடித்தது. அரைமணி நேரத்தில் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது.

அதன்பிறகு இறங்கவே இல்லை. பிடித்து இழுத்தால் கறுக்கும், விட்டால் பச்சை. அண்ணை ஏசி ஏசி மூன்று வேளையும் தண்ணீர் தெளித்தார்.

வாரம் முடிந்து ஹெல்கா அம்மா வந்து, எங்கள் அறை வாசலிலேயே கண் கலங்கினார். "இவனை இவ்வளவு பச்சையாக நான் பார்த்ததே இல்லை. இவனுக்காக ஒரு மரமே வைத்திருக்கிறாயே! மரத்தோடு கொண்டுபோகட்டுமா?"

நான் அண்ணையைப் பார்த்தேன்.

"கொண்டுபோகச் சொல்லடா. உனக்கு வேலை வேணுமெல்லோ," என்றுவிட்டு அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் "யா" என்றேன்.

பத்து வருடத்துக்கு மேல் அங்கே வேலை செய்தேன். கன்று என் தோளுக்கு வளர்ந்தது. சனிக்கிழமைகளில் ஓட்டோ முறைக்க முறைக்க நாலு இலை கிள்ளி, அண்ணையிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என் இரண்டாவது உத்தியோகம்.

இப்போது கறிவேப்பிலை கடையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. ஆனாலும் எங்கள் வீட்டில் யாராவது அதைத் தட்டோரம் ஒதுக்கினால் என் மனைவி விடமாட்டாள்: "ஓட்டோவின்ர வீட்டைப் பிடுங்கிச் சமைச்சது. ஒதுக்காமச் சாப்பிடுங்கோ!"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் சூசை அண்ணை தலை நிமிராமல் திருத்துவார்:

"மரம் என்ர, பிள்ளை. ஓட்டோ அதில அகதியா வந்து இருந்தவர்."