முன்சீட்டுச் செல்வி

இல்லாத ஆளுக்கு ஜீப்பில் இடம் பிடித்துக் கொடுத்து, வழியெல்லாம் அந்த ஆளிடம் நலம் விசாரித்துக்கொண்டு வரக்கூடிய ஒரே மனுஷியை நான் கம்பத்தில்தான் பார்த்தேன். ஊரில் அவருக்குப் பெயர் பிரேக் அக்கா. ஜீப்பின் பின்படியில் தொங்கிக்கொண்டு தகரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார், ஜீப் நிற்கும். இரண்டு தட்டினால் கிளம்பும். டிரைவரின் காலடியில் இருந்த பிரேக் சும்மா அழகுக்கு என்று பேசிக்கொள்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும்தான். யாரும் கேட்டதில்லை.

அப்போது நான் மதுரையில் பெண்ணியல் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஆண், பெண், உடல், அதிகாரம் என்று வகுப்பில் தொண்டை வற்றப் பேசியது போதாதென்று, இன்டர்ன்ஷிப்புக்குத் தேனியில் ஒரு பெண்கள் அமைப்புக்கு அனுப்பிவைத்தார்கள். கம்பத்திலிருந்து மலையேறி ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களுக்கு, போகிற வழியில் ஆண்களால் என்னென்ன தொந்தரவு என்று கேட்டு எழுதவேண்டும். அதற்காக விடிந்தும் விடியாமலும் நானும் அவர்களோடு ஜீப்புக்குப் போய் நின்றேன்.

பின்னால் இருபது பேர் புளிமூட்டையாக அடைந்திருந்தார்கள். ஒருத்தியின் தூக்குச்சட்டி இன்னொருத்தியின் விலாவில் இடித்துக்கொண்டிருந்தது. முன்னால் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டோ காலி. அதில் ஒரு துண்டை மடித்து விரித்திருந்தார்கள். கம்பியில் ஒரு முழம் மல்லிகை தொங்கியது. நம்முடைய படிப்புக்கு மரியாதை செய்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, நான் அதில் ஏறக் காலைத் தூக்கினேன்.

"அங்கன ஏறாத பாப்பா. செல்வி இருக்கா," என்றார் பிரேக் அக்கா.

"எங்கக்கா?"

"இப்ப மிதிக்கப் போனியே, அது அவ காலுதான்."

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தூக்குச்சட்டிக்கும் முழங்கைக்கும் நடுவே நானும் போய்ச் சொருகிக்கொண்டேன்.

மலை ஏற ஏற பனிமூட்டமாக மஞ்சு இறங்கியது. முன்னால் போகும் சாலையே தெரியவில்லை. அக்கா பின்படியிலிருந்து குரல் கொடுத்தார். "செல்வி, குளிருதாடி?" ஒருவர் பதில் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, முந்தானைய இழுத்துப் போத்திக்க" என்றார். தோட்டம் வந்ததும் டிரைவர் சுற்றி வந்து இடதுபக்கக் கதவைத் திறந்தான். ஒரு ஆள் இறங்கும் நேரம் காத்திருந்து சாத்தினான். விரித்த துண்டு கசங்கியிருந்தது.

என் கேள்விகளுக்கெல்லாம் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லம்மா." உத்தமபாளையத்துப் பாத்திமா அக்கா மட்டும் ஒருநாள் காதோடு சொன்னார். "முன்னெல்லாம் அந்தச் சீட்டுல சூப்பர்வைசர் உக்காருவான். புதுசா வேலைக்கு வந்தவளாப் பாத்துக் கூப்பிட்டு நடுவுல உக்கார வச்சுக்குவான். தோட்டம் வர்ற வரைக்கும் அவ கண்ணத் தொடச்சுக்கிட்டே வருவா. செல்வி வந்ததுக்கப்புறம் எந்த ஆம்பளையும் அதுல உக்காரல."

"செல்வி எப்படிச் செத்தா?"

"அத நாங்க கேக்குறதில்ல."

அப்படியிருக்கையில் புதுச் சூப்பர்வைசர் ஒருவன் வந்து சேர்ந்தான். அந்த மஞ்சிலும் கறுப்புக்கண்ணாடி போட்டிருந்தான். துண்டை உருவிப் பின்னால் எறிந்துவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்தான். திரும்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். "காலேஜ் பொண்ணு, முன்னால வாம்மா. பேட்டிய வசதியா எடுக்கலாம்."

பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அன்று நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டதோடு சரி. இருபது பேரும் அக்காவைப் பார்த்தார்கள். இன்றைக்கு விட்டால் நாளையிலிருந்து அந்தச் சீட்டு பழையபடி அவனுடையது. அது எல்லோருக்கும் தெரியும்.

அக்கா சண்டைக்குப் போகவில்லை. "செல்வி, கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி. சார் வந்துருக்காக," என்றார். "பாப்பாவுக்கு இடம் பத்தாது சார். நீங்க ரெண்டு பேரும் உக்காந்துட்டீக." தகரத்தில் இரண்டு தட்டு விழுந்தது. ஜீப் கிளம்பியது.

முதல் வளைவில் அக்கா சொன்னார், "சார், அவ முடி மேல உக்காந்துட்டீகளாம். லேசா எந்திரிங்க." அவன் சிரித்தான். ஆனால் எழுந்து உட்கார்ந்தான்.

அடுத்த வளைவில் பாத்திமா அக்கா. "செல்விக்குத் தலை சுத்துதாம். சார் தோளுல சாஞ்சுக்கிறாளாம்." அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

அதற்குள் மஞ்சு ஜீப்புக்குள்ளேயே வந்துவிட்டது. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. திடீரென்று அக்கா மிக மெதுவாக, கெஞ்சுகிற குரலில் சொன்னார், "வேணாம் செல்வி. அவரு கழுத்துலருந்து கைய எடு."

"நிப்பாட்டு வண்டிய," என்றான் அவன். டிரைவர் அசையவில்லை. அக்கா ஒரு தட்டுத் தட்டினார். ஜீப் நின்றது.

மிச்சத் தூரமெல்லாம் சூப்பர்வைசர் பின்படியில் தொங்கிக்கொண்டு வந்தான். தோட்டத்தில் டிரைவர் கதவைத் திறந்து காத்திருந்தபோது, வழியில் நின்றிருந்தவன் தானாகவே ஓரமாக ஒதுங்கினான்.

என் கடைசி நாள் சாயங்காலம், கீழே இறங்குவதற்கு முன் தோட்டத்து டீக்கடையில் அக்காவைப் பிடித்தேன். "செல்வி எப்படிச் செத்தான்னு நீங்களாவது சொல்லுங்கக்கா. எழுதணும்."

"எவ செத்தா?" அக்கா டீயை ஊதினார். "எம்பேருதான் செல்வி. நான் வேலைக்கு வந்த புதுசுல, அப்ப இருந்த சூப்பர்வைசர் என்னய அந்தச் சீட்டுல உக்கார வச்சான். பின்னால ஜீப்பு நெறைய ஆளு. ஒருத்தரும் வாயத் தொறக்கல."

நான் நோட்டை மூடினேன். அக்கா கிளாசைக் கழுவி வைத்தார்.

"நான் எந்திரிச்சுப் பின்னால வந்துட்டேன் பாப்பா. அவ இன்னும் அங்கனதான் உக்காந்துருக்கா. அதான் தெனம் கேக்குறேன், குளிருதான்னு." பிறகு ஜீப்பைப் பார்த்துக் கையைக் காட்டினார். "இன்னைக்கு நீ முன்னால உக்காரு. அவளுக்குத் தொணையா."

கதவோரமாக ஒடுங்கி, நடுவில் இடம் விட்டு உட்கார்ந்தேன். இரண்டு தட்டு விழுந்தது. முதல் வளைவிலேயே மஞ்சு மூடிக்கொண்டது. பின்னாலிருந்து குரல் வந்தது.

"குளிருதாடி?"

"இல்லக்கா," என்று எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே சொன்னேன்.