அண்டாவுக்குத் தப்பி வாத்து வேட்டை

"வெர்லினா? அண்டா தேய்க்க அவர் இருக்காருடி. எங்க போயிடப் போறாரு?"

பின்வாசலில் சேற்று பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த வெர்லின் காதில் இது விழுந்தது. உள்ளே அவன் மனைவி ஆர்டிஸ், பக்கத்து வீட்டு ஜாய்ஸுடன் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

வருஷாவருஷம் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை சர்ச்சில் மீன் விருந்து. சோப்பு காய்ச்சும் காரநீரில் நாள்கணக்கில் ஊறி வழுவழுத்துப்போன காய்ந்த மீனை நானூறு பேர் வெண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவார்கள். சாப்பிட்டவர்கள் போய்விடுவார்கள், நாற்றம் போகாது. பதினெட்டு வருஷமாக ஆர்டிஸ் வேகவைத்தாள், வெர்லின் அண்டா தேய்த்தான். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவன் நாய் ஹேசல்கூட அவனருகே படுக்காது.

அன்றே தீர்மானித்தான். இந்த வருஷம் அந்த வாரம் பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டாவில் வாத்து வேட்டை. ஜாய்ஸின் கணவன் கிளேட்டனும் கூட வருவான். வெளிமாநிலத்துக்காரர்களுக்கு வேட்டை லைசென்ஸ் குலுக்கலில்தான். சேர்ந்து போகிறவர்கள் ஒரே விண்ணப்பத்தில் பெயர் கொடுக்கலாம். ஒரே ஒரு சிக்கல். கல்யாணமான நாளிலிருந்து வெர்லின் ஒரு படிவத்தையும் நிரப்பியதில்லை. வருமான வரி முதல் ஹேசலின் ஊசி வரை எல்லாம் ஆர்டிஸ்தான். இதையும் அவளிடமே கொண்டு போனான்.

"அக்டோபர் ரெண்டாவது வாரமா?" என்றாள் ஆர்டிஸ்.

"வாத்துங்க அப்பத்தான் இறங்குதாம். நான் என்ன பண்ண?"

"பாவம், அதுங்களுக்கு சர்ச் காலண்டர் தெரியாது. எத்தனை பேரு?"

"ரெண்டு."

"இந்த வீட்ல ஒண்ணு, அந்த வீட்ல ஒண்ணு. சரி."

"என் கையெழுத்து வேணாமா?"

"எல்லாம் கம்ப்யூட்டர்லதான். நான் பாத்துக்கறேன். நீங்க போய் புல்லை வெட்டுங்க."

வெர்லின் வேலியோரம் போய் நெஞ்சை நிமிர்த்தினான். "பொண்டாட்டியை எப்படி வழிக்குக் கொண்டு வரணும்னு எங்கிட்ட கத்துக்கோ."

"ஜாய்ஸும் ஒண்ணும் சொல்லலப்பா," என்றான் கிளேட்டன். "அதான் பயமா இருக்கு."

ஆகஸ்டில் குலுக்கலில் விழுந்துவிட்டதாக ஆர்டிஸ் சொன்னாள். வெர்லினைவிட அவளுக்குத்தான் சந்தோஷம். டகோட்டாக்காரியான அவள், பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த அப்பாவின் துப்பாக்கியை நிலவறையிலிருந்து எடுத்து எண்ணெய் போட்டாள். நிஜ வாத்துகளை ஈர்க்கத் தண்ணீரில் மிதக்கவிடும் போலி வாத்துகளுக்குப் புதிதாக வண்ணம் அடித்தாள். சூப்பைக் கிளறிக்கொண்டே வாத்து மாதிரி கத்தும் ஊதலை ஊதிப் பார்த்தாள். ஹேசல் எழுந்து உட்கார்ந்தது. தண்ணீரில் இறங்கப் போடும் ரப்பர் கால்சட்டையின் தோள்பட்டியை நாலு விரல் சுருக்கித் தைத்தாள்.

"ஏன் சுருக்கறே?"

"தொளதொளன்னு இருந்தா தண்ணி புகுந்துடும்."

இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று வெர்லினுக்குக் கண் கலங்கியது.

விருந்துக்கு முந்தைய வியாழக்கிழமை காலை பையோடு வெளியே வந்தான். வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கில் ஆர்டிஸ். பக்கத்தில் ஜாய்ஸ். நடுவில் ஹேசல். வேலிக்கு அந்தப் பக்கம் கிளேட்டன் தன் பையைக் கட்டிப் பிடித்தபடி நின்றான்.

"லைசென்ஸைக் காட்டு!" என்று ஆர்டிஸிடம் கத்தினான் வெர்லின்.

காட்டினாள். ஒன்றில் ஆர்டிஸ். மற்றதில் ஜாய்ஸ்.

"இது அநியாயம்! என் பேரு எங்கே?"

"பதினெட்டு வருஷமா ஒரு தடவையாவது படிவத்தை வாங்கிப் படிச்சீங்களா? நான் முதல் வாத்தைச் சுட்டப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. கல்யாணத்துக்கு அப்பறம் மீனைத்தான் பாத்துட்டிருக்கேன்."

"அப்ப சனிக்கிழமை மீன் யாரு வேகவைக்கறது?"

"உங்க பேரும் கிளேட்டன் பேரும் கொடுத்தாச்சு. சர்ச்சுலயும் படிவம் உண்டு."

வண்டி கிளம்பியது. ஹேசல் திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை சர்ச்சின் நிலவறைச் சமையலறையில் கிளேட்டன் அடுப்பைப் பற்ற வைத்தான். ஆணியில் ஆர்டிஸின் பூப்போட்ட ஏப்ரன் தொங்கியது. அதன் நாடாவை நாலு விரல் நீட்டித் தைத்திருந்தாள். வெர்லின் அதை எடுத்துக் கட்டிக்கொண்டான்.