காலியாகப் போகாதவர்கள்

லாஜிஸ்டிக்ஸ் படிப்பவர்கள் என்றொரு இனம் நம்மிடையே பெருகி வருகிறது. கவனித்திருப்பீர்கள். கவனிக்கவில்லை என்றால், உங்கள் வீட்டில் இன்னும் யாரும் அந்தப் படிப்பில் சேரவில்லை என்று பொருள். நிம்மதியாக இருங்கள்.

சேர்ந்த முதல் மாதம் இவர்கள் சாதாரண மனிதர்கள்தான். இரண்டாம் மாதம், 'முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும்' என்றொரு பாடம் நடக்கும். அன்று மாலையே பிரிட்ஜில் பால் பாக்கெட்டுகள் தேதி வாரியாக வரிசையில் நிற்கும், மறுநாள் அலமாரியில் அப்பாவின் சட்டைகள் நிற்கும், அதற்கடுத்த வாரம் அப்பா இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு குளியலறைக் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருப்பார். ஏன் என்று கேட்டால், இன்று அந்தச் சட்டையின் முறை.

என் அக்கா மகள் இந்த இனம். "இதைப் படிச்சு என்னம்மா ஆகப்போற, லாரி ஓட்டுவியா?" என்று அவள் பெரியப்பா ஒருமுறை வாய்தவறிக் கேட்டுவிட்டார். கிடங்கு மேலாளர், துறைமுகத்தில் கன்டெய்னர் பொறுப்பு, சுங்க முகவர், விமானச் சரக்கு என்று மூச்சு விடாமல் அடுக்கியவள், "லாரி எங்க போகணும்னு டிரைவருக்குச் சொல்றதே நாங்கதான் பெரியப்பா" என்று முடித்தாள்.

"அது டிரைவருக்கே தெரியுமே?" என்றார் அவர்.

இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த இனத்துக்கு ஒரே ஒரு வேதம்தான். வண்டி காலியாகப் போகக் கூடாது. வெறுமையைப் பற்றி ஞானிகள் எவ்வளவோ யோசித்திருக்கிறார்கள். ஆனால் அதை ஒரு காரின் டிக்கியில் கண்டு கண்கலங்கியவர்கள் இவர்கள் மட்டுமே.

அவளுக்கு ஒரு பெரிய கிடங்கில் நேர்முகத் தேர்வு வந்தது. அந்த ஆண்டு கல்லூரிக்கு ஆள் கேட்டு வந்த கடைசி நிறுவனம். ஏற்கெனவே இரண்டு வேலைகள் கைநழுவிப் போயிருந்தன. "பத்து மணிக்கு அங்க இருக்கணும். இதுவும் போச்சுன்னா அவ உடைஞ்சு போயிடுவாடா" என்று அக்கா என்னைக் காரோடு வரச் சொன்னாள். அரை மணி நேரப் பயணம். எட்டரைக்கே போய் நின்றேன். வாசலில் ஒரு தையல் மெஷின், இரண்டு நாற்காலிகள், ஒரு மெத்தை.

"இதெல்லாம் என்ன?"

"மூணு சீட்டு காலியா போகுது மாமா. அதான் தெருவுல கேட்டேன். மெஷின் எதிர்வீட்டு அத்தையோடது, ரிப்பேருக்கு. நாற்காலி ரெண்டும் டீச்சரோட தம்பி வீட்டுக்கு. எல்லாம் போற வழிதான்."

"மெத்தை?"

"அது வர்ற வழியில இறக்கணும். வர்றப்போ வேற ரூட் போட்டிருக்கேன்."

"உனக்கு இன்னைக்கு இன்டர்வியூம்மா!"

"அதனாலதான் மாமா. இதைக்கூடச் செய்யலன்னா நான் என்ன படிச்சேன்?"

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் எனக்கு எழுதலாம். மெஷின் கடைக்காரர் கடை திறக்கவில்லை, காத்திருந்தோம். டீச்சரின் தம்பி மூன்றாவது மாடியில் குடியிருந்தார், லிப்ட் இல்லை, நாற்காலிகளை நான் சுமந்தேன். கூரையில் கட்டிய மெத்தையோடு கிடங்கின் வாசலை அடைந்தபோது மணி பத்து நாற்பது.

நான் வெளியறையில் உட்கார்ந்தேன். அங்கே ஓர் அம்மாள் மடியில் பையுடன் ஏற்கெனவே காத்திருந்தார். மேலாளரின் அறைக்கதவு திறந்தே கிடந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"பத்து மணிக்கு வரச் சொன்னோமே?"

டிராபிக் என்று சொல்லியிருக்கலாம். உலகமே அப்படித்தான் சொல்கிறது. இவளோ தையல் மெஷினில் தொடங்கி நாற்காலி, மூன்றாவது மாடி, மெத்தை வரைக்கும் ஒன்று விடாமல் ஒப்புவித்தாள். போச்சு, அக்காவுக்கு என்ன சொல்வது என்று நான் யோசிக்கத் தொடங்கினேன். மேலாளர் எழுந்து ஜன்னல் வழியே காரைப் பார்த்தார்.

"திரும்பிப் போறப்போ மெத்தை மட்டும்தானா?"

"ஆமா சார்."

"உள்ள மூணு சீட்டும் காலி?"

"ஆமா சார்" என்றாள், திருடி மாட்டிக்கொண்டவள் குரலில்.

"எந்த ரூட்?"

அவள் சொன்னாள். மேலாளர் வெளியே ஓடி வந்து, என் பக்கத்தில் இருந்த அம்மாளைப் பார்த்து, "அத்தை, எழுந்திருங்க. உங்க வீட்டுப் பக்கம் வண்டி கிடைச்சிடுச்சு!" என்றார்.

அம்மாள் என் காதருகே குனிந்தார். "மூணு நாளா மாப்பிள்ளை என்னை இங்கயே கொண்டாந்து உட்கார வைக்கிறாருப்பா. பஸ்ல போறேன்னா விடமாட்டேங்கிறாரு. அந்தப் பக்கம் காலியா ஏதாவது வண்டி போகுமாம்."

"திங்கக்கிழமை வேலைக்கு வந்துடும்மா" என்றார் மேலாளர் என் அக்கா மகளிடம். "ஆனா அத்தையைப் பன்னிரண்டு மணிக்குள்ள இறக்கிடணும். லேட்டாச்சுன்னா வேலை கிடையாது."

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு இறக்கினோம். வழியில் நிறுத்த நேரமில்லாததால் மெத்தைக்காரர் மாலை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சிரிக்கிறீர்கள். நல்லது. இதைப் படித்து முடித்துச் சமையலறைப் பக்கம் போக எழுந்திருப்பீர்கள். இரண்டடி வைத்ததும் நின்று, எப்படியும் போகிறோமே என்று மேசையில் இருக்கும் காலி டீக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொள்வீர்களா? எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் இன்னும் சில இடங்கள் காலியாக இருப்பதாகக் கேள்வி.