பின் கண்ணாடிப் பசை

சமையலறைக் கத்தியின் முனை ஒடிந்து, பியட் காரின் பின் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. தங்கராஜ் மிச்சக் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“ஏனுங்க, தக்காளி அரியற கத்தியப் பார்த்தீங்களா?” உள்ளேயிருந்து ஷைலாவின் குரல்.

“இல்லையே அம்மணி!”

அன்று வியாழன். வரும் ஞாயிற்றுக்கிழமையோடு அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். அன்று சிங்காநல்லூர் வீட்டிலிருந்து சர்ச்சுக்கு அவளை இந்தக் காரில்தான் அழைத்துப்போவது என்று தங்கராஜ் ஒற்றைக் காலில் நின்றார்.

அறுபத்தெட்டாம் வருஷம் அவர் மிஷன் ஆஸ்பத்திரியில் டிரைவர். வியாழன்தோறும் இதே காரில் இரண்டு நர்சுகளை அவிநாசிப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கூட்டிப்போவார். ஒருத்தி ஷைலா, இன்னொருத்தி கிருபாவதி. நர்சுகள் பின்சீட்டில்தான் உட்கார வேண்டும் என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். மழைக்கு அந்தச் சட்டம் தெரியவில்லை. பின் கண்ணாடி ஓரத்தில் ஒழுகி, ஷைலாவின் தோளில் சொட்டும். பாவம், முன்னால் வந்து உட்காரச் சொல்வார். முதல் நாள் கருமத்தம்பட்டி வரைக்கும் இருவரும் வாயே திறக்கவில்லை. மார்கழிக்குள் அவளுக்கு முறுக்குப் பிடிக்கும் என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த ஐப்பசியில் கல்யாணம்.

ஆனாலும் அந்த ஒழுக்கு அவருக்கு மானப்பிரச்சினை. வாராவாரம் கருப்புப் பசை வாங்கி உள்ளேயும் வெளியேயும் அப்புவார். அடுத்த வியாழன் மறுபடி சொட்டும். அவிநாசி ரோட்டுக் குழிகளைத் திட்டிக்கொண்டே மறுபடி அப்புவார். இருபத்தாறு வருஷம் கழித்து ஆஸ்பத்திரி அந்தக் காரைக் கழித்துக்கட்ட, அவரே வாங்கி வந்தபோது, பசை விரல் கனத்துக்குக் கல்லாகிக் கிடந்தது.

“மொதல்ல அந்தப் பசையப் பூராச் சுரண்டுங்க. அப்பறந்தான் பெயிண்ட்டு” என்று பெயிண்டர் ரசாக் படித்துப் படித்துச் சொன்னார். அவசரக்காரரான தங்கராஜ் பெயிண்ட்டை முதலில் அடிக்க வைத்துவிட்டார்.

“எதுக்குங்க அத நோண்டறீங்க? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே” என்றாள் வாசலுக்கு வந்த ஷைலா.

“இத்தன வருஷம் கழிச்சாவது உன்னைய ஒரு சொட்டு படாமப் பின்சீட்டுல ராணியாட்டம் உக்கார வெக்கோணும்.”

“நான் முன்னாலயே உக்காந்துக்கறனுங்க.”

“அதெல்லாம் முடியாது!”

வெள்ளிக்கிழமை சீமெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தார். கல்லாயிருந்த பசை இளகியது. ஆனால் உரிந்து வரவில்லை. கருப்புக் குழம்பாகி வழிந்து, புது சீட் உறையில் இறங்கியது. துடைக்கப்போன கையால் கூரைத் துணியைத் தொட்டார். அங்கே ஐந்து விரலும் பதிந்தன.

சனிக்கிழமை காலை பெயிண்ட் கடைத் தின்னரால் தேய்த்தார். பசை அசையவில்லை. பெயிண்ட் மட்டும் கொழகொழவென்று எழுந்து துணியோடு வந்தது. கையில் கிரீம் நிறமும், காரில் பழைய ஆஸ்பத்திரிப் பச்சையுமாகத் தங்கராஜ் நின்றபோது ரசாக் வந்தார்.

“தங்கராஜண்ணே, இது நான் அடிச்ச பெயிண்ட்டுங்களா?”

“அடிச்சதுதானுங்க பாய். இப்பத் துணியில இருக்குது.”

“சூடு பண்ணாத்தான் அது உடும். ஆனாப் பாத்து, மெதுவா...”

முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு தங்கராஜ் உள்ளே ஓடினார். குளிக்கக் காய வைத்திருந்த வெந்நீரை அண்டாவோடு தூக்கி வந்து கண்ணாடியில் கவிழ்த்தார். பசை விட்டது. ‘டப்’பென்று ஒரு சத்தத்தோடு கண்ணாடியும் விட்டது.

ரசாக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஷைலா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுகிறாள் என்று தங்கராஜ் நினைத்தார்.

ஞாயிறு காலை மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி இருந்த இடத்தில் பாலித்தீன் தாள் படபடத்தது. உடுமலைப்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த பழைய நர்ஸ் கிருபாவதி, காருக்குள்ளேயே குடையை விரித்துப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். ஷைலா கேட்காமலே முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, நரைத்த காதோரம். அவளைத் திரும்பிப் பார்க்க தங்கராஜுக்கு முகமில்லை.

சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மன்னிச்சுப்போடு ஷைலா. அன்னைக்கும் உன்னைய நனைய உட்டேன், இன்னைக்கும் ஒழுக உட்டுட்டேன். ஒரு ஓட்டைய அடைக்கத் துப்பில்லாத டிரைவரு நானு.”

ஷைலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

பின்னால் குடை சடாரென்று மடங்கியது.

“அட, அழுகாதீங்கண்ணா! அது எங்க தானா ஒழுகுச்சு? முன்சீட்டுக்கு வரோணும்னு, வாராவாரம் எங் கொண்டையூசிய வாங்கி, நீங்க பூசுன பசையப் பூரா நோண்டி ஓட்ட போட்டதே இவதானுங்க!”