நெட் இல்லாத வைஃபை

இந்த நாட்டில் இன்டர்நெட்டைத் தள்ளி வைத்த ஒரே மனிதர் எங்கள் சுத்துது அண்ணாச்சிதான். நெட் வரவில்லை என்றால் மற்றவர்கள் கம்பெனிக்காரனைத் திட்டுவார்கள், ஃபோனை உதறுவார்கள், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அண்ணாச்சி ஒருவர்தான், "வராட்டி போ, ஒன்ன யாரு வெத்தலபாக்கு வச்சு அழைச்சா" என்று அதன் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தியவர்.

மும்பை தாராவியில் நாங்கள் இருந்த ஏழு மாடிக் கட்டிடத்தில் சி-விங் என்பது மற்ற இரண்டு விங்குகளுக்கு நடுவே செருகி வைத்த ஒன்று. வெயில் வராது, காற்று வராது, சிக்னல் மட்டும் எங்கிருந்து வரும்? ஃபோன் பேச வேண்டுமென்றால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அங்கே எந்நேரமும் ஏழெட்டுப் பேர் ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். எந்த வீட்டில் என்ன சண்டை என்பது துணி காயப்போடப் போனாலே தெரிந்துவிடும். வீட்டுக்குள் உட்கார்ந்து வீடியோ பார்க்கலாம் என்றால் நடுவில் ஒரு வளையம் வந்து சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும்.

"என்ன அண்ணாச்சி, நேத்து படம் பாத்தீங்களா?" என்று கேட்டால், "எங்க பாக்க, சுத்துது" என்பார். பெயருக்கு அது ஒரு காரணம். அம்பர்நாத்தில் ஒரு ஃபேன் கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுவது அவருடைய வேலை. அது இன்னொரு காரணம். மூன்றாவது, அவர் பேச்சே பாதியில் நின்று சுற்றும். "சார்வாள், நாளைக்கு நான் வேலைக்கு..." என்று ஆரம்பித்துவிட்டு மோட்டுவளையைப் பார்ப்பார். நாம் ஒரு கட்டிங் சாயா குடித்து முடித்துவிடலாம். "...போகல" என்று முடிப்பார். நான் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்ததால் என்னைக் கேலியாகச் சார்வாள் என்றுதான் கூப்பிடுவார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது, வேறெங்கும் இல்லை.

அவர் மனைவி பேச்சியம்மாள், எங்களுக்கெல்லாம் மதினி. கோவண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக டெம்பரரி ஆயா. பத்தாவது பாஸ் பண்ணினால் பெர்மனன்ட் ஆக்குவார்கள். வயது தாண்டப் போகிறது, அந்த வருஷம்தான் கடைசி வாய்ப்பு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள். மற்றப் பாடமெல்லாம் தேறியாயிற்று. கணக்கு மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. யாரோ ஒரு வாத்தியார் நெட்டில் இந்தியில் நன்றாக நடத்துகிறார் என்று நர்ஸ் ஒருத்தி சொன்னாள். மதினி வீட்டுக்கு வந்து ஆசையாகப் போட்டார். வாத்தியார் "நமஸ்தே" என்று கும்பிட்டார். கும்பிட்ட கை கும்பிட்டபடியே நின்றது. வளையம் சுற்றியது.

"இவரு கும்பிட்டு முடிக்கதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துரும்" என்று மதினி ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானும் பார்த்தேன், அண்ணாச்சியும் பார்த்தார்.

"நெட்டு வேண்டாம் பேச்சி. நம்ம வீட்டுக்குள்ள..." என்று நிறுத்தினார். மதினி கத்தரிக்காய் நறுக்கி முடித்தார். "...நாமளே ஒண்ணு கட்டிருவோம்."

அணுசக்தி நகரில் ஒரு என்ஜினீயர் சார் வீட்டுக்கு மிக்சி, ஃபேன் ரிப்பேர் பார்க்க அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் போவார். அந்த சார்தான் வழி சொன்னார். சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு, ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு சின்ன ரவுட்டர், கரண்ட் போனாலும் ஓடுவதற்கு ஒரு பவர் பேங்க். டிஸ்க்கில் படமும் பாடமும் ஏற்றி வைத்தால் ரவுட்டர் அதை வீட்டுக்குள்ளேயே வைஃபையாக விடும். ஃபோனில் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம். வெளியுலகத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பாடங்களை முதலில் எங்கிருந்தாவது பிடித்துக்கொண்டு வர வேண்டுமே. மாட்டுங்கா ஸ்டேஷனில் ஓசி வைஃபை நன்றாக வரும். அண்ணாச்சி வேலை முடிந்து வரும்போது ஒரு ஸ்டேஷன் தள்ளி அங்கே போய் இறங்கி, குழாயடியில் குடம் நிரப்புகிற மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து நிரப்புவார். ஒரு நாளைக்கு இரண்டு பாடம், மிஞ்சினால் மூன்று. எந்த வண்டியிலும் ஏறாமல் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்து டிக்கெட் செக்கருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "கஹா ஜானா ஹை?" என்று, எங்கே போக வேண்டும் என்று கேட்டார். அண்ணாச்சி ஃபோனைக் குனிந்து பார்த்துவிட்டு, "அஸ்ஸி பர்சென்ட்" என்றார். எண்பது சதவீதம் இறங்கியிருந்தது.

எல்லாம் சேர்ந்தபிறகு, இதை எதில் வைப்பது என்ற கேள்வி வந்தது. தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்க வேண்டும். அண்ணாச்சி கண்ணில் பட்டது மதினிக்குச் சீராக வந்த மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர். மூடியில் 'ச. பேச்சியம்மாள்' என்று பெயர் வெட்டியிருக்கும். அடித்தட்டில் பவர் பேங்க், நடுத்தட்டில் டிஸ்க், மேல்தட்டில் போர்டும் ரவுட்டரும். ஒயர் போவதற்கு ஓரத்தில் டிரில் போட்டார். அந்தச் சத்தம் கேட்டு ஓடிவந்த மதினி சொன்னதை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

கேரியரைப் பூட்டி, சூடம் காட்டி, விங்கே கூடி நின்று ஃபோனைப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. என்ன கோளாறு என்று மூடியைத் திறந்தால் வைஃபை வருகிறது. மூடினால் போய்விடுகிறது. அலை எவர்சில்வரைத் தாண்டாது என்று என்ஜினீயர் சார் பிற்பாடு விளக்கினார். அது தெரியும்வரை பத்து நாள், "யாருல அது மூடியப் போட்டது" என்ற அதட்டல் அண்ணாச்சி வீடு இருந்த மூன்றாவது மாடியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. சுத்தமாக இருக்கட்டுமே என்று மதினிதான் கை பழக்கத்தில் மூடிக்கொண்டிருந்தார். கடைசியில் சாமான் எல்லாம் தோசைமாவு வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்குக் குடிபோயிற்று.

பெயரில் வேறு வம்பு. வைஃபைக்கு என்ன பெயர் என்று ரவுட்டர் கேட்டபோது அண்ணாச்சி எதிரில் கேரியர் மூடி இருந்தது. அதைப் பார்த்து அப்படியே அடித்துவிட்டார். பிளாஸ்டிக்குக்கு மாறிய மறுநாள் மாடிப்படியில், "பேச்சியம்மாள் எனக்குக் கிடைக்கவே மாட்டேங்குது" என்று ஒருவன் சொல்ல, "என் வீட்டு பாத்ரூம்ல ஃபுல்லா கிடைக்குது பாஸ்" என்று இன்னொருவன் சொன்னான். மதினி துடைப்பத்தோடு வெளியே வந்தார். அன்று மத்தியானமே வைஃபைக்கு 'டப்பா' என்று பெயர் மாறியது.

பர்ஸ் தைக்கும் பட்டறை வைத்திருந்த மேலப்பாளையம் காஜா பாய்க்கு, படம் பார்க்க ஃபோன் பிரவுசரில் புள்ளி புள்ளியாக ஒரு நம்பரைத் தட்ட வேண்டும் என்று அண்ணாச்சி எழுதிக் கொடுத்தார். பாய் மொட்டைமாடிக்குப் போய் அந்த நம்பருக்கு ஃபோன் போட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வந்தார். "அண்ணாச்சி, அப்பிடி ஒரு நம்பரே இல்லங்கான்" என்றார்.

டப்பா ஓடத் தொடங்கியது. விங் முழுக்கப் படம் பார்த்தது. பாடம் பார்க்க வேண்டிய மதினிக்கு மட்டும் பாடம் ஏறவில்லை. வாத்தியார் இந்தியில் மெயில் வண்டி வேகத்தில் போனார். "எனக்குச் சண்டை போடுத அளவுக்கு இந்தி தெரியும். கணக்கு போடுத அளவுக்குத் தெரியாது" என்றார் மதினி.

ஒன்பதாவதோடு நின்ற அண்ணாச்சி அடுத்து செய்ததுதான் அநியாயம். ஒவ்வொரு பாடத்தையும் அம்பர்நாத் லோக்கல் ரயிலில் நசுங்கிக்கொண்டே பத்துத் தடவை கேட்டார். மதினி டியூட்டிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, வாத்தியாருடைய குரலை எடுத்துவிட்டுத் தன் குரலில் பேசிப் பதிவு செய்தார். படத்தில் வாத்தியார் கையை ஆட்டுவார், குரல் எங்கள் அண்ணாச்சியுடையது.

"இப்பம் பாரு பேச்சி. எக்ஸுன்னு ஒரு பய இருக்காம்லா, அவன் வீட்ட விட்டு ஓடிட்டான். அவன..." அரை நிமிஷம் ஒன்றும் இருக்காது. குக்கர் விசில் மட்டும் கேட்கும். "...தேடிப் பிடிக்கதுக்குத்தான் இம்புட்டு பாடும்."

எனக்குக் கேட்டதும் சிரிப்புத் தாங்கவில்லை. மதினி சிரிக்கவில்லை. "இந்தி வாத்தியாரு கேள்வியும் அவரே கேக்காரு, பதிலும் அவரே சொல்லிருதாரு தம்பி. இவுக கேட்டுட்டு நிக்காவள்லா, அந்த நேரத்துல நான் போட்டுப் பாத்துருதேன்" என்றார். நாங்கள் இத்தனை வருஷம் கேலி பண்ணிய நிறுத்தத்தில் மதினி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

டப்பாவைத் துணிப்பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கும் எடுத்துப் போனார், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பார்ப்பதற்கு. வாசலில் செக்யூரிட்டி பையைத் திறந்தான். மாவு டப்பாவுக்குள் ஒயரும் மினுக்கும் சிவப்பு விளக்கும். "இஸ்மே க்யா ஹை?" என்று, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டான். மதினி உள்ளதைச் சொன்னார், "கணித்." அவன் இரண்டடி பின்னால் போனான். தலைமை நர்ஸ் வந்து சொன்னபிறகுதான் உள்ளே விட்டான்.

இதற்குள் எங்கள் விங்கில் அந்தப் பாடங்கள் பிரபலமாகிவிட்டன. 'கணக்கு' என்று தமிழில் எழுதியிருந்ததைச் சரியாகப் படிக்கத் தெரியாத இளவட்டங்கள் புதுப்படம் என்று நினைத்துத் திறந்து, அண்ணாச்சி குரலைக் கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டன. வீட்டில் செருப்புக் காணோம் என்றால்கூட, "எக்ஸ் ஓடிட்டான்" என்று தேட ஆரம்பித்தார்கள்.

டப்பாவால் ஒரே நேரத்தில் ஐந்தாறு பேரைத்தான் தாங்க முடியும். திங்கட்கிழமை பரீட்சை. சனிக்கிழமை சாயங்காலம் மதினி பதினாலாம் பாடத்தைப் போட்டார். முக்கோணம். இரண்டு தடவையும் அவரை விழுத்தாட்டியது அதுதான். போட்டதும் வளையம் வந்தது. அண்ணாச்சி வீட்டு டப்பாவிலேயே சுற்றியது.

அண்ணாச்சிக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவரை பாஸ்வேர்டே கிடையாது. "இன்னைக்கு ஒரு பூட்டு போடுதேன். தமிழ்ல 'ழ' தெரியாத பய ஒருத்தனும் உள்ள வரப்பிடாது. வாளப்பளம்னு வைக்கேன்" என்றார். அவர் வாயிலும் 'ழ' வராது என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை. இங்கிலீஷ் எழுத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டார். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். பாஸ்வேர்டை மாற்றினார், எல்லாரும் அறுந்தார்கள், நிம்மதியாகப் படுத்துவிட்டார்.

ஞாயிறு காலையில் மதினி பாடம் பார்க்க உட்கார்ந்தார். பாஸ்வேர்டு தப்பு என்றது. அண்ணாச்சி அடித்தார், தப்பு. நான் அடித்தேன், தப்பு. "நீங்க எழுதின மாரிதான் அடிச்சேன் சார்வாள்" என்கிறார். ரவுட்டரை ரீசெட் பண்ணினால் திரும்பப் போட்டுத் தர வேண்டிய என்ஜினீயர் சார் ஊருக்குப் போயிருந்தார். டிஸ்க்கைக் கழற்றி மாட்டிப் பார்த்தால், அவர் போட்டுக் கொடுத்திருந்த ஃபார்மேட் எங்கள் கட்டிடத்தில் எந்தக் கம்ப்யூட்டருக்கும் புரியவில்லை.

முந்தினநாள் டப்பாவைத் திணறடித்த அத்தனை பேரும் இப்போது வாசலில் வந்து நின்றார்கள். காஜா பாய் 'ழ'வுக்கு எல் போடச் சொன்னார். என் மனைவி இசட்-ஹெச் இல்லாமல் 'ழ' கிடையாது என்றாள். ஒரு 'ப்'பா, இரண்டு 'ப்'பா என்று படிக்கட்டில் சண்டை. இந்தி மட்டுமே எழுதத் தெரிந்த என் பிள்ளை அடித்ததைப் படித்தால் 'வலே பலம்' என்று வந்தது. பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. அண்ணாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அவ பொழப்ப நானே..." என்றார். அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

மதினி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இவுக அடிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே அடிச்சாவளா தம்பி?"

"ஆமா மதினி."

"அப்பம் வாளைக்கும் பளத்துக்கும் நடுவுல நின்னுருப்பாவ. அங்க ஒரு காலி இடம் விட்டுப் பாருங்க."

நான் எழுதிக் கொடுத்த எழுத்துகளே, நடுவில் ஒரு இடைவெளி விட்டு அடித்தேன். டப்பா திறந்தது. படிக்கட்டில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அண்ணாச்சி யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். அன்று மாலைவரை ஒரு ஃபோன்கூட டப்பாவைத் தொடவில்லை. மதினி முக்கோணத்தை நாலு தடவை பார்த்தார்.

ரிசல்ட் வந்தது. கணக்கில் ஐம்பத்திரண்டு. அடுத்த மாதமே பெர்மனன்ட் ஆர்டர் வந்தது. அண்ணாச்சி ஏழு மாடிக்கும் ஏறி இறங்கி லட்டு கொடுத்தார்.

இப்போது நான் செம்பூருக்கு வந்துவிட்டேன். போன மாதம் பழைய கட்டிடத்துக்குப் போனபோது மதினி சமைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஃபோனில் பதினாலாம் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வேலைக்குப் போயிருந்தார்.

"பாஸாகி வேலையும் பெர்மனன்ட் ஆயாச்சே மதினி, இன்னும் எதுக்கு இது?"

"இருபத்திரண்டு வருசத்துல இந்த மனுசன் எங்கிட்ட சேந்தாப்புல அரை மணி நேரம் பேசினது இதுல மட்டுந்தான் தம்பி" என்றார், கரண்டியைக் கீழே வைக்காமலே.

கிளம்பும்போது அந்தப் பாடத்தை என் ஃபோனிலும் ஏற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். ஆபீஸ் விட்டு வரும்போது ரயிலில் கேட்கிறேன். எனக்குப் பரீட்சை ஒன்றும் இல்லை.