சோபா நல்ல சோபாதான், அத்தை

அன்பும் மதிப்பும் மிக்க அத்தை அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலியும் மாமாவின் இருமலும் இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் வீட்டை விட்டு ஓடியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம், நான் சுகம், அப்பா சுகத்துக்கும் ஒரு படி மேலே. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். போனில் எனக்கு 'ஹலோ' வரைக்கும்தான் வரும். அதற்கப்புறம் நீங்களே பேசி, நீங்களே சிரித்து, நீங்களே வைத்துவிடுகிறீர்கள்.

போன வாரம் நீங்கள் கேட்டது நினைவிருக்கிறது. கழற்றித் துவைக்கிற மாதிரி உறை போட்ட சோபா வாங்கினீர்களே, எப்படி இருக்கிறது, நீ உறை தைக்கிறவள், நீ நல்லது என்று சொன்னால் அதே சோபாவை நானும் வாங்கிவிடுகிறேன் என்றீர்கள். என்னிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டது இதுதான் முதல் தடவை. அதனால் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

சோபா வாங்கியதே அப்பாவின் தூக்கத்துக்காகத்தான். பிஸ்கட் கம்பெனி அடுப்பில் இருபத்திரண்டு வருஷம் இரவு ஷிப்ட் பார்த்தவர். அந்த ஷிப்டையே எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து எட்டு மாதம் அவருக்கு இரவிலும் தூக்கமில்லை, பகலிலும் இல்லை. கட்டிலில் படுத்தால், "அடுப்பை யாராவது பாத்தாங்களா?" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். அவர் உட்கார்ந்தால் அம்மாவும் உட்கார்ந்துவிடுவாள். இரண்டு பேரும் எதிரெதிரே, சண்டைகூடப் போடாமல், சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று சொன்ன டாக்டர், கட்டிலை விட்டுவிட்டு ஒரு சோபாவில் சாய்ந்து பார்க்கச் சொன்னார்.

கடையில் முதல் இரண்டு சோபாக்களையும் நான்தான் வேண்டாம் என்றேன். ஒன்றில் உறையின் ஜிப் பாதியில் நின்றது, இன்னொன்றில் தையலுக்கு உள்ளே விட்ட துணி நகக்கண் அளவுதான். நான் அம்மாவின் காதில் சொல்வேன், அம்மா அதைக் கடை முழுவதற்கும் சொல்வாள். "துணியை நனைச்சு, சுருங்க வச்சு, அப்புறம் வெட்டினீங்களான்னு கேக்குறா!" கடைக்காரர் என்னைப் பார்த்து, "பாப்பா வாயே திறக்கலையேம்மா?" என்றார். "அவ திறக்க மாட்டா, நான் மூட மாட்டேன். கணக்கு சரியாப் போயிடும்" என்றாள் அம்மா.

மூன்றாவது, சாம்பல் நிறத்தில், தரையைத் தொடும் தொளதொள உறை போட்டது. "படுத்துப் பாருங்க சார், நடந்து பாக்காம யாராவது செருப்பு வாங்குவாங்களா?" என்றார் கடைக்காரர். அப்பா படுத்தார். இரண்டே நிமிடம். குறட்டை வந்தது. அம்மா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கடைக்காரரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "எட்டு மாசங்க. எட்டு மாசம். யாரும் எழுப்பாதீங்க" என்று கண்ணைத் துடைத்தாள். மணி நான்காயிற்று, ஐந்தாயிற்று, கடையை மூடும் நேரமும் வந்தது. கடைக்காரர் இளகிய மனசுக்காரர். "தூங்கட்டும்மா. தூசி படாம உறையை மேலே போட்டு விட்டுடறேன், காலையில வாங்க" என்றார். உறையைக் கழற்றி, அப்பாவையும் சேர்த்து மறுபடி மாட்டினோம். ஜிப்பை நானே மூடினேன். சுத்தமான பருத்தி, காற்று நன்றாகப் போகும். வேறு கடையில் பார்த்தாலும் நைலான் கலந்த துணியை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

மறுநாள் காலையில் துண்டும் பல் துலக்கும் பிரஷும் எடுத்துக்கொண்டு போனால் சோபா இருந்த இடம் காலி. கடைக்காரரின் மச்சான் சீக்கிரமாக வந்து கடையைத் திறந்து, அதை ஒரு பல் டாக்டருக்கு விற்று, வண்டியிலும் ஏற்றி அனுப்பிவிட்டார். "கொஞ்சம் கனமாத்தான் இருந்துச்சு. நல்ல மரம்னு சொல்லித்தான் வித்தேன்" என்றார். "என் புருஷன் உனக்கு மரமாய்யா?" என்றாள் அம்மா. "உள்ளே ஆள் இருக்காருன்னு ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாம்லம்மா?" என்றார் மச்சான். அவரை அம்மா லேசில் விடுகிற மாதிரி தெரியவில்லை. என்னைப் பார்த்து, "நீ முன்னாடி ஓடு. போய், அது எங்க அப்பான்னு சொல்லு. மூணு வார்த்தைதான்டி, செத்துப் போயிட மாட்டே" என்றாள்.

ஓடினேன். பல் டாக்டரின் முன்னறையில் சோபாவின் மேல் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கன்னம் வீங்கிய பெரிய மனிதர் ஒருவர், அப்பாவின் வயிறு எங்கே இருக்குமோ சரியாக அங்கே. அவர் மெதுவாக மேலே போய், மெதுவாகக் கீழே வந்துகொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த அறையில் ஒருவர்கூட முனகவில்லை. ஒரு குழந்தை வாய் கொப்பளிக்கும் சிவப்புத் தண்ணீரை உறைமேல் கொட்டியது. ஓரத்தில் இடம் கிடைத்ததும் உட்கார்ந்து, உறைக்கு வெளியிலிருந்தே அப்பாவின் கால் கட்டைவிரலை அமுக்கினேன். விரல் திரும்ப ஒரு தடவை அசைந்தது. தூக்கத்தில் அசைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது நர்ஸ், "அடுத்தது யாரு?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நோயாளி இல்லை என்று அத்தனை பேருக்கு நடுவில் எப்படிச் சொல்வது? உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். "எங்கேம்மா வலி?" என்றார் டாக்டர். நான் முன்னறையைக் காட்டினேன். "அங்கே பல்லு இருக்காது. ஆ காட்டு" என்றார். காட்டினேன். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை என்றும் இன்றைக்கே பிடுங்க வேண்டும் என்றும் சொல்லி ஊசியை எடுத்தார். அந்த ஊசியைக் கிட்டத்தில் பார்த்ததும் என் வாயிலிருந்து, அறை அதிரும்படி, "உள்ளேன் டீச்சர்!" என்று வந்தது.

எட்டாம் வகுப்பில் ஒரு வருஷம் முழுக்க வராமல் தொண்டையில் நின்ற வார்த்தை அது. டீச்சர் பெயர் கூப்பிடும்போது தலை நிமிராமல் பதிவேட்டையே பார்ப்பார். நான் இரண்டாவது பெஞ்சில்தான் இருப்பேன், கையையும் தூக்குவேன், குரல் மட்டும் வராது. வருஷக் கடைசியில், இந்தப் பெண் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள்கூட வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். வந்தேன் என்று போய்ச் சொல்லக் கூச்சமாக இருந்தது, பள்ளிக்கூடத்தை விட்டே நின்றுவிட்டேன். சரி, அந்த அடைப்பு எடுபட்டதும் பின்னாலேயே அடுத்ததும் வந்தது: "சோபாவுக்குள்ளே எங்க அப்பா இருக்கார்!" டாக்டர் ஊசியைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார். "நான் இன்னும் மருந்தே ஏத்தலையே?" என்றார்.

ஜிப்பைத் திறந்தோம். தலைமுடி படிந்து, கன்னத்தில் ஓரத்தையலின் தடம் பதிந்து, அப்பா கண்மூடிக் கிடந்தார். பெரிய மனிதர் கைகூப்பி அவரிடம் மன்னிப்புக் கேட்டார், ஆனால் இவ்வளவு இதமாக வாழ்க்கையில் எங்கேயும் உட்கார்ந்ததில்லை என்பதையும் சொல்லிவிட்டார். டாக்டருக்குச் சோபாவைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை. "காலையிலேர்ந்து ஒருத்தர்கூட அழலைம்மா. வேணும்னா ஆளை எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அதற்குள் அம்மா வந்து சேர்ந்திருந்தாள். "சோபா உங்க பேர்ல பில் போட்டிருக்கு டாக்டர். ஆளு என் பேர்ல இருக்காரு. எழுப்பச் சொல்றீங்களே, எட்டு மாசம் நீங்களா உக்காந்திருந்தீங்க?" கடைசியில் கடைக்காரரே ஓடி வந்து டாக்டருக்கு வேறொரு சோபா தருவதாகச் சொல்லி, இதை அப்பாவோடு சேர்த்து வண்டியில் ஏற்றினார். அதற்குள் டாக்டர் என் பல்லைப் பிடுங்கிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல மறுபடி வாய் வரவில்லை.

எங்கள் வீட்டு மாடிப்படி குறுகல் என்பது உங்களுக்குத் தெரியும். சோபாவைச் செங்குத்தாகத் தூக்கினார்கள். அப்பா உறைக்குள்ளேயே சரிந்து தலைகீழாக வந்தார். எழுபது கிலோ, அத்தை! ஒரு தையல் விடவில்லை, சட்டத்தில் ஒரு கிறீச்சுச் சத்தம் இல்லை. அந்த இரட்டைத் தையலை நான் தைத்திருந்தால்கூட அவ்வளவு சீராக வந்திருக்காது. மறுநாள் காலை பத்து மணிக்கு அப்பா தானாக எழுந்து, தலையை வாரிக்கொண்டு, "நல்லாத் தூங்கினேன், டீ குடு" என்றார். அம்மா டீ வடிகட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே அழுதாள். அன்றிலிருந்து தினமும் அதில்தான் படுக்கிறார், படுத்த உடனே குறட்டை. உறையை நான் ஒரு தடவை துவைத்தும் பார்த்துவிட்டேன். சிவப்புக் கறை போய்விட்டது, துணி ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை.

ஆகையால் அத்தை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இதே மாதிரி இன்னும் ஒன்றே ஒன்றுதான் கடையில் இருக்கிறது. உங்களுக்காக வியாழக்கிழமை வரை எடுத்து வைப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மாமாவை விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் ஆசி எங்கள் மூன்று பேருக்கும் வேண்டும், அப்பாவின் தூக்கத்துக்குத் தனியாக ஒன்று வேண்டும்.

ஒரு பல் குறைந்தும் குறையாத அன்புடன்,
உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: அக்காவுக்கு இரண்டு வரி எழுதுகிறேன் என்று அப்பா இந்தக் கடிதத்தை வாங்கினார். முழுக்கப் படித்தார். பிறகு தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "நான் தூங்கவே இல்லையேம்மா" என்றார் மெதுவாக.

"எப்போ?"

"எப்பவுமே. கடையில ஒரு நிமிஷம் கண்ணை மூடி, விளையாட்டுக்குக் குறட்டை விட்டேன். அதுக்குள்ளே உங்க அம்மா அழ ஆரம்பிச்சுட்டா. அப்புறம் எப்படி எழுந்திருக்கிறது?"

"பல் டாக்டர்கிட்டயுமா?"

"மூணு பேர் மேலே உக்காந்துட்டாங்க. எல்லாம் பல்வலிக்காரங்க. முன்பின் தெரியாதவங்ககிட்ட என்னன்னு சொல்றது? கூச்சமா இருந்துச்சு."

சோபாவின் இடது பக்கத்தில் ஒரு பலகை இடுப்பில் குத்துகிறதாம். ஸ்பிரிங்கும் நல்லதில்லையாம். "அப்போ தினமும் ஏன்ப்பா அதுல படுக்கிறீங்க?" என்று கேட்டேன். "நான் குறட்டை விட்டாத்தானேம்மா அவ கண்ணை மூடுறா" என்றார். அது உண்மைதான். எட்டு மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் தூங்குவது அம்மா ஒருத்திதான்.

எனவே அத்தை, இந்தச் சோபாவை வாங்கவே வாங்காதீர்கள். ஆனால் அம்மா போன் செய்தால், வாங்கிவிட்டேன், மாமா படுத்ததும் தூங்கிவிடுகிறார் என்று சொல்லிவிடுங்கள். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், தாள் இல்லை. அப்பாவின் இரண்டு வரியும் இதில் இல்லை. பேனாவைத் திறந்தார், அம்மா புரண்டு படுத்தாள், ஓடிப் போய்ப் படுத்துக்கொண்டு குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.