அரைக்கரண்டி அண்ணாச்சியின் மூன்றாவது கதினா

கன்னியாகுமரி மாவட்டத்திலேயே அரைக்கரண்டி அண்ணாச்சியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடையாது என்று பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அவருடைய வேலையோ எங்கள் ஊர்க் கோவிலில் வெடி போடுவது.

வெடி என்றால் தீபாவளிச் சரம் இல்லை, கதினா. கனத்த இரும்புக் குழாயை நட்டு, அடியில் கரிமருந்தைப் போட்டு, மேலே செங்கல்பொடியை இறுக்கிப் பற்றவைப்பது. திருவிழாக் காலையில் அபிஷேகத்துக்கு மூன்று போடுவார்கள். சத்தம் நெஞ்சுக்குள் இடிக்கும்.

இவர் போட்டால் அவ்வளவாக இடிக்காது. புது மருந்து வந்தால், அதே கடை அதே ஆள் தந்ததானாலும், அவருக்கு அது முன்பின் அறியாத மருந்து. வயல் ஓரத்துக்குக் கொண்டுபோய் அரைக்கரண்டி மட்டும் போட்டு வெடிப்பார். இருமல் போல ஒரு சத்தம் வரும். ஆறியதும் குழாயைத் தடவித் தடவிப் பார்த்து, நோட்டில் எழுதுவார். மறுநாள் ஒரு நுள்ளு கூட்டுவார். போன மருந்தின் அளவு இந்த மருந்துக்குச் செல்லாது என்பது அவர் கட்சி. திருவிழாவுக்குள் சரியான அளவை எட்டுவாரா என்று டீக்கடையில் பந்தயமே நடக்கும்.

வாழ்க்கையும் அப்படித்தான். டீக்கு அரைக்கரண்டி சீனி, ஒரு மடக்கு, யோசனை, பிறகு கால் கரண்டி. மகள் வாங்கித் தந்த ஸ்கூட்டரை முதல் மாதம் வீட்டைச் சுற்றி ஓட்டினார். இரண்டாம் மாதம் தபாலாபீஸ் வரை. அவர் நாகர்கோவில் போய்ச் சேர்ந்தபோது வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்திருந்தது.

வெடிக்கும் இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார். யாரும் அதைத் தாண்டக் கூடாது. அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றால் பக்கத்து ஊர்த் திருவிழாதான் தெரியும் என்று நான் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறேன்.

அந்த வருஷம் நான் விழாக் கமிட்டிச் செயலாளர். திருவிழாவுக்கு முந்தின நாள், அக்கரை ஊர்க் கதினா வெடிக்கிற வீடியோவை யாரோ வாட்சப்பில் போட்டிருந்தார்கள். அதன் கீழே, உங்க ஊரில் பப்படம் நொறுங்குத சத்தம் கேட்டுதே, அதுதான் கதினாவா என்று ஒரு கேள்வி. எனக்கு ராத்திரி முழுக்க எரிந்தது.

காலையில் அண்ணாச்சி மூன்று கதினாவையும் நிறைத்து வைத்துவிட்டு, வழக்கம்போலக் குளத்தில் முங்கப் போனார். கோவில் பின்புறம் ஆளில்லை. மூன்றாவது கதினாவின் செங்கல்பொடியைத் தட்டிக் கொட்டி, அவருடைய டப்பாவிலிருந்து மருந்தை இன்னும் கொஞ்சம் போட்டேன். கொஞ்சம் என்றால் என் ஆத்திரத்தின் அளவு. பொடியை மறுபடி இறுக்கும்போது ஈர வேட்டியோடு அவர் வருவது தெரிந்தது. தேங்காய் எடுக்க வந்தவன் மாதிரி நழுவினேன்.

முதல் கதினா வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதில் குழாயே பிளந்தது. ஒரு துண்டு இரும்பு கமிட்டி அறையின் ஓட்டைப் பொத்துக்கொண்டு, ஆளில்லாத என் நாற்காலியில் இறங்கியது. கோட்டுக்கு வெளியே நின்ற ஒருவருக்கும் கீறல் இல்லை. கோட்டுக்குள் இருந்தவர் அண்ணாச்சி மட்டும்தான். வலது கையில் தீக்காயம். வலது காது போயிற்று.

வயசாகிவிட்டது, அளவு தப்பிவிட்டது என்று ஊர் சொன்னது. நானும் தலையாட்டினேன். இனி வெடிப் பொறுப்பு அவருக்கு இல்லை என்று கடிதம் எழுதியவனும் நான்தான். செயலாளர் அல்லவா. அவர் அதை வாங்கி, இடது கையால் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

இரண்டு மாதம் தாக்குப்பிடித்தேன். ஒருநாள் மத்தியானம் அவர் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவான குரலில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் காது கேக்காது மக்கா. சத்தமாச் சொல்லு."

எழுந்து இந்தப் பக்கம் வந்து, மறுபடி முதலிலிருந்து சத்தமாகச் சொன்னேன். எதிர்வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த அக்காள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அப்போதே தெரிந்தது.

அண்ணாச்சி எழுந்து உள்ளே போய் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"மூணாவதுல பொடி ஒரு விரக்கடை மேல நின்னுது. நான் பாத்தேன்."

"பொறவு ஏன் அண்ணாச்சி கொளுத்துனீங்க?"

"அபிஷேகம் காத்து நிக்கு. நீயும் ரெண்டு தடவ வந்து, அக்கரைக்காரன் வாட்சப்புல இளிக்கான்னு சொல்லிட்டே. சந்தேகம் வந்த பொறவு கொளுத்தப்பிடாது. அது என் தப்பு. நோட்டுல எழுதிட்டேன்."

நோட்டைக் காட்டினார். இடது கையால் எழுதிய கோணல் எழுத்தில் அவர் தப்பு மட்டும் இருந்தது. என் பெயர் இல்லை. அவர் சத்தம் போட்டு ஏசியிருந்தால் நிமிர்ந்து வீட்டுக்குப் போயிருப்பேன்.

கமிட்டி என்னை நீக்கியது. அவரைத் திரும்ப அழைத்தது. புதுக் கதினாக்கள் வந்தன. மறுபடி அரைக்கரண்டியிலிருந்து தொடங்கினார். எங்கள் ஊர்ச் சத்தத்தை இப்போதும் அக்கரைக்காரர்கள் கேலி செய்கிறார்கள். நான் கோட்டுக்கு வெளியே நிற்கிறேன். மூன்றாவதும் வெடித்து, புகைக்குள்ளிருந்து அந்த மெலிந்த உருவம் நடந்து வருவது தெரிகிற வரைக்கும் எனக்கு மூச்சு நேராக வருவதில்லை.